கல்யாணப் பத்திரிகையில் துரைக்கு என்ன வேலை?

மகனே,

நீ சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. சௌக்கியமாகத்தான் இருக்கிறாய். இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்துச் சர்ச்சுக்குப் பின்னால், சாய்ந்துபோன ஒரு கல்லறைக் கல்லைத் தோளோடு அணைத்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய நீ சிரிக்கிற படத்தை ஊரே பார்த்துவிட்டது. நடுவட்டத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் முதற்கொண்டு என்னை நிறுத்தி விசாரிக்கிறார்கள். பேக்கரிக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே, "ஏனுங்கக்கா, உங்க பையன் வெள்ளைக்காரத் தொரை வம்சமாமுங்க, நீங்க சொல்லவே இல்லீங்களே" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு மரியாதை. இத்தனை வருஷம் அந்தக் கடையில் பன் வாங்குகிறேன், ஒருநாளும் அந்த மரியாதையை நான் பார்த்ததில்லை. பொட்டலத்தை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி எழுதினாய், அதனால் நானும் ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரியே எழுதுகிறேன். அம்மா தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று பிறகு மூக்கைச் சிந்தாதே.

விஷயம் உன் கல்யாணப் பத்திரிகை. அடுத்த மாதம் உனக்கும் பவித்ராவுக்கும் கல்யாணம். பத்திரிகை எப்படி இருக்கும் என்று நீ அனுப்பிய மாதிரிப் பிரதி போன வாரம் ஃபோனில் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிள்ளையார் சுழியிலிருந்து படித்தேன். குலதெய்வத்தின் பெயர் சரி. உன் அப்பா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போட்டிருந்ததும் சரி. அதற்கும் மேலே, தங்க எழுத்தில், நம் வீட்டுப் பெயர்கள் எல்லாவற்றையும்விடப் பெரிதாக, 'இங்கிலாந்து, நீலகிரித் தேயிலைத் தோட்ட அதிபர்' என்று போட்டு அந்த வெள்ளைக்காரத் துரையின் பெயர், 'அவர்களின் கொள்ளுப்பேரனும்' என்று ஆரம்பிக்கிறது உன் வம்சம். அதிபராம்! அவன் கம்பெனிச் சம்பளத்துக்கு வந்த மேனேஜர். வலது மூலையில் அவன் கல்லறைப் படம். கல்யாணப் பத்திரிகையில் சமாதிப் படத்தைப் போட்ட முதல் மாப்பிள்ளை தமிழ்நாட்டிலேயே நீயாகத்தான் இருப்பாய். பவித்ராவின் அப்பா இதற்குச் சம்மதித்தார் என்பதுகூட எனக்கு ஆச்சரியமில்லை. கோயமுத்தூரில் அவர் சொந்தக்காரர்களிடம், மாப்பிள்ளைக்கு இங்கிலீஷ் வம்சம் என்று சொல்லிச் சொல்லி அவருக்கு இப்போது நடையே மாறிவிட்டது.

நான் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தவள். வண்டு மொய்த்த அரிசியைப் புடைத்திருக்கிறேன். ஒரு அட்டை முட்டையில் பாதி கெட்டுப்போய் வந்த நாட்களில், மூக்கைப் பொத்திக்கொண்டு நல்லதைப் பொறுக்கி எடுத்திருக்கிறேன். லேசில் குமட்டல் வருகிற ஆள் இல்லை என்பது உனக்கே தெரியும். அந்தப் பத்திரிகையைப் பார்த்துவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினேன். மூலையில் இருந்த கல்லறைக்காக இல்லை, இடது மூலையில் இருந்த இன்னொரு படத்துக்காக. அது என் அப்பாவின் படம், உன் அப்பிச்சி. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் வரிசையாகச் சொல்லாவிட்டால் உனக்குப் புரியாது. உனக்கு எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல வேண்டும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

இந்தக் கூத்து ஆரம்பித்தபோது நான் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வேலைக்கு அங்கே போன புதிதில், உன் பூனைக்கண்ணைப் பார்த்துக் கூட வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள் என்றாய். எச்சிலை ஒரு குழாயில் துப்பி அனுப்பினால் வம்சமே வந்துவிடும் என்றாய். வந்தது. அந்த ஆளின் கொள்ளுப்பேத்தி ஹெலன் என்று ஒரு பெண் உனக்குச் சொந்தம் என்று வந்தது. அதற்குப் பிறகு லீவு நாள் வந்தால் போதும், ரயில் ஏறி, பஸ் ஏறி, வேலியோரமாக நடந்து, ஒவ்வொரு கிராமத்துச் சர்ச்சாகப் போய்க் கல்லறைகளுக்கு நடுவே குனிந்து குனிந்து படித்தாய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டால் அதே பேச்சு. கல்லறைகளுக்கு நடுவில் ஆடு மேய்கிறது, கல்லில் மஞ்சளாய்ப் பாசி படிந்திருக்கிறது, கம்பி பிரஷ் வைத்துத் தேய்க்கக்கூடாது, தண்ணீரும் மெல்லிய பிரஷ்ஷும்தான். ஒரு ஊரில் அவன் அப்பன், அடுத்த ஊரில் அவன் தாத்தன். கடைசியில் ஒருநாள், "அம்மா, கெடச்சுட்டாரும்மா" என்று மூச்சு வாங்கக் கத்தினாய். தொலைந்துபோன பிள்ளை கிடைத்த மாதிரி உன் குரல். அந்தக் கல்லில், அன்பான கணவர், பாசமுள்ள தந்தை, பல்லாண்டுகள் நீலகிரியில் உழைத்தவர் என்று செதுக்கியிருக்கிறது என்று படித்துக் காட்டினாய். பாசமுள்ள தந்தை! எத்தனை பிள்ளைக்கு என்று கல்லில் போட்டிருக்கிறதா என்று கேட்டேன். மூன்று என்றாய். நாலாவது பிள்ளையின் மகளிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதும் உனக்கு உறைக்கவில்லை.

அப்புறம் நீ செய்த காரியம்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. கடையில் பால் வாங்கிப் போய், நம் வழக்கப்படி அந்தக் கல்லறைக்குப் பால் ஊற்றினாய். சூடம் கொளுத்தினாய். அந்தக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் ஓடிவந்து, பால் ஊற்றினால் கல்லில் இன்னும் பாசி பிடிக்கும், தயவுசெய்து வேண்டாம் என்று சொன்னாளாம். அதை ஒரு வேடிக்கையாக என்னிடம் சொல்லிச் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை, லைன் கட்டாகிவிட்டது என்று நீ நினைத்துக்கொண்டாய். உன் அப்பிச்சி செத்தபோது உனக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைக்காதது உன் குற்றமில்லை, நானும் அதற்காக உன்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எஸ்டேட் மயானத்தில், பன்றி தோண்டாமலிருக்க மேலே முள்ளைப் போட்டுக் கல் அடுக்கிவிட்டு வந்தோம். மறுநாள் பால் ஊற்றப் பேரன் இல்லை. பொம்பளை போகக்கூடாது என்று ஆள் ஆளுக்குச் சொன்னார்கள். நான்தான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனேன். மழையில் அந்த மேட்டில் வழுக்கி விழுந்து, பாதிப் பால் தரையில் போயிற்று. மீதியைத்தான் அவருக்கு ஊற்றினேன். ஊருக்குத் திரும்பி வந்த எந்த லீவிலும் நீ அந்த மேடு ஏறவில்லை. சேறு என்றாய், அட்டை கடிக்கும் என்றாய். இங்கிலாந்தில் மட்டும் எவனோ ஒருவனுக்காக இடுப்பளவு புல்லில் நடந்திருக்கிறாய்.

எவனோ ஒருவன் இல்லை, முன்னோர் என்பாய். சரி, அந்த முன்னோரைப் பற்றி நீ ஊருக்கு எழுதியதைப் படித்தேன். 'தேயிலைச் செடிகளுக்கு நடுவே மலர்ந்த காதல்' என்று தலைப்பு. வெள்ளைக்காரத் துரையும் கொழுந்து பறிக்கிற தமிழ்ப் பெண்ணும் ஒருவரை ஒருவர் விரும்பினார்களாம், உலகம் அவர்களைப் பிரித்துவிட்டதாம். எழுதும்போது கை கூசவில்லையா உனக்கு? யார் சொன்னார்கள் உனக்கு, காதல் என்று? எச்சிலைச் சோதித்தவன் சொன்னானா? கல்லில் செதுக்கியிருந்ததா? பட்டுப்புழு மாதிரி வாயிலிருந்து நூலை எடுத்து நீயே நெய்துகொண்டாய். அதன் கீழே முந்நூறு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு இதயமும் எனக்குச் செருப்படி மாதிரி இருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். என் அப்பா யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இதுவரை சொல்லவில்லை. அவரே போய்விட்டார், நீயோ வேறு கதை கட்டிவிட்டாய், இனிமேல் வாயை மூடிக்கொண்டிருப்பது அவருக்குச் செய்கிற துரோகம். என் அப்பாவைப் பெற்றவள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண். பங்களாவில் வேலைக்கு ஆள் வேண்டும் என்று கங்காணி வந்து அவளைத் தேயிலைக் காட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனான். அவள் கேட்டுப் போகவில்லை. போனவள் ஓடினாள். கூடலூர்ப் பக்கம் இறங்கிப் பாதி வழி போய்விட்டவளைக் கங்காணி பிடித்துவந்து அதே பங்களாவில் விட்டான். மறுபடியும் ஓடினாள், மறுபடியும் கொண்டுவந்து விட்டான். காதலித்தவள் ஓடுவாளா? வயிறு தெரிய ஆரம்பித்ததும், எஸ்டேட் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த ரங்கன் என்பவருக்கு அவளைக் கட்டிவைத்து வேறு டிவிஷனுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது துரை ஒரு கம்பளி கொடுத்தானாம். அதுவும் எஸ்டேட்டில் எல்லாருக்கும் கொடுக்கிற கம்பளிதான். இவ்வளவுதான் உன் காதல் காவியம்.

அந்த ரங்கன்தான் என் அப்பாவை வளர்த்தார். மாட்டுக் கொட்டகையில் படுக்கவைத்துக் காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுத்தவர் அவர். எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர் அவர். பெயர் எழுதும்போது வாத்தியார் பல்லிளித்துக்கொண்டு, "அப்பன் பேரு என்னய்யா?" என்று கேட்டாராம். "ரங்கன்னு எழுதுங்க. நாந்தானுங்க அப்பன், வேற ஆரு?" என்று கொட்டகைச் சாணிக் கையோடு நின்று சொன்னவர் அவர். உன் அப்பிச்சியின் இனிஷியல் அவர் கொடுத்தது. உன் பத்திரிகையில் அவர் எங்கே? கொள்ளுத்தாத்தா என்று ஒருத்தரைப் போட வேண்டுமென்றால் அவர் பெயரைப் போட்டிருக்க வேண்டும். அவருக்குக் கல் இல்லை, அதனால் உன் கண்ணுக்கு ஆளே இல்லை போலிருக்கிறது. கல் வைக்க வசதி இருந்தவனெல்லாம் வம்சம், இல்லாதவர்கள் எருவா?

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். உன் அப்பிச்சியின் எந்தப் படத்தை எடுத்தாலும் கண்கள் மூடியிருக்கும். கண்ணை இமைத்துவிட்டார், போட்டோக்காரன் சரியில்லை என்று நீ சின்ன வயசில் சொல்வாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் கல்யாணத்துக்கு முன்னால் ஒருதடவை ஊட்டியில் ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போய், அவரை உட்காரவைத்து, மறுபடி மறுபடி எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் மூடிக்கொண்டார். வெளியே வந்ததும் எனக்குக் கோபம். "ஏனுங்கப்பா, ஒரு நிமிசம் கண்ணத் தொறந்து வெச்சிருக்க முடியாதுங்களா?" என்று கத்திவிட்டேன். மார்க்கெட் பக்கத்தில் கேரட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த இடத்தில், ஒரு ஓரமாக நின்று அவர் சொன்னது இது.

"அம்மிணி, என்ற ஆத்தா எனக்கு ஒரு கொறையும் வெக்கல. தனக்கு இல்லீன்னாலும் எனக்குச் சோறு போடும். ஆனா போடறப்பத் தட்டத்தத்தான் பாக்கும், என்ற மூஞ்சியப் பாக்காது. எதுக்கால போயி நின்னா தலையத் திருப்பிக்கும். இந்தக் கண்ணு அதுக்கு ஆகாது. எனக்கு வெவரம் தெரிஞ்சப்புறம், அதுகிட்டப் போறப்பல்லாம் நானே கண்ண மூடிக்குவேன். அப்ப மட்டும் பக்கத்துல கூப்புட்டு என்ற கன்னத்தத் தடவிக் குடுக்கும். அதே பழக்கமாயிருச்சு. ஆராச்சும் நேராப் பாத்தாத் தானா மூடிக்குது."

இவ்வளவையும் கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னார். நான் அந்த மூட்டைகளுக்கு நடுவில் நின்று அழுதேன். அப்புறம் இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு பஸ் ஏறினோம்.

அந்த மூடிய கண்ணை நீ திறந்துவிட்டாய். ஏதோ கம்ப்யூட்டரில் போட்டு, என் அப்பாவின் முகத்தில் இரண்டு கண்ணை ஒட்டவைத்திருக்கிறாய். அவருக்கு இருந்த சாம்பல் கண்கூட இல்லை, பளபளவென்று நீலம்! அந்த ஆளின் பழைய போட்டோவை ஹெலன் அனுப்பினாளாம், அதைப் பார்த்து அளவெடுத்து வைத்தாயாம். "பாரும்மா, ரெண்டு பேருக்கும் எவ்ளோ ஒத்துமை!" என்று கீழே எழுதியிருந்தாய். தன்னைப் பெற்றவளுக்காக வாழ்நாள் முழுக்க மறைத்துவைத்த ஒன்றை, அவர் கேட்டுத் தடுக்க முடியாத நாளில், நீ பிடுங்கி வெளியே எடுத்து, ஓடி ஓடித் தப்பப் பார்த்தவள் யாரைப் பார்த்து நடுங்கினாளோ அந்தக் கண்ணையே மாட்டிவிட்டாய். அந்தப் பத்திரிகையைத்தான் நம் வழக்கப்படி முதலில் குலதெய்வத்துக்கும், அடுத்து என் அப்பா படத்துக்கு முன்னாலும் நான் வைக்க வேண்டும். சீ! நினைத்தாலே கை கழுவத் தோன்றுகிறது.

நீ பிறந்தபோது உன் கண்ணைப் பார்த்ததும் ஆஸ்பத்திரியில் எல்லாரும் அதிசயித்தார்கள். என் அப்பா மட்டும் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார், முகம் வெளிறிப் போயிருந்தது. எல்லாரும் போனபிறகு பக்கத்தில் வந்து, "அம்மிணி, அவன நேராப் பாத்துப் பால் குடு. என்ன ஆனாலும் மூஞ்சியத் திருப்பிராத" என்றார். நான் திருப்பவில்லை. உன் முகத்தைப் பார்க்காமல் ஒரு வேளை உனக்கு நான் ஊட்டியதில்லை. கோபத்தில் உன்னை அடித்தபோதும் கண்ணைப் பார்த்துத்தான் அடித்தேன். நீ பெற்ற அந்த நிம்மதி அவர் பெறாதது. அதனால்தான் உனக்கு அந்தக் கண் ஒரு அழகாக, ஒரு பெருமையாக மட்டும் தெரிகிறது என்று நினைக்கிறேன். அதில் எனக்குச் சந்தோஷம்கூட உண்டு. ஆனால் அந்தப் பெருமையை அவன் கணக்கில் எழுதாதே.

அடுத்து, ஒரு அறை விஷயம். பழைய துரை பங்களாவை இப்போது யாரோ வாங்கிப் பாலிஷ் போட்டு விடுதியாக்கிவிட்டார்கள். சாப்பாட்டு அறையில் வரிசையாகத் துரைகளின் படம், வாசலில் கொழுந்துக் கூடை ஒன்றை அழகுக்கு மாட்டியிருக்கிறார்கள். வரவேற்பை அந்தப் புல்வெளியில் வைப்போம் என்றாய், நான் வாயைத் திறப்பதற்குள் முன்பதிவும் ஆகிவிட்டது. போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நேற்று பவித்ராவின் அப்பா கூப்பிட்டு, அன்றைக்கு ராத்திரி உங்கள் இருவருக்கும் அங்கேயே 'துரை அறை' என்று ஒன்றை எடுத்திருப்பதாகவும், அதில் அந்தக் காலத்துக் கட்டிலே இருக்கிறது என்றும் சொல்கிறார். "உங்க வம்சத்துக் கட்டிலுங்க சம்பந்தி, மாப்பிள்ளைக்கு சர்ப்ரைஸுங்க" என்று சிரிக்கிறார். எனக்கு ஃபோனைப் பிடித்திருந்த கையே நாறுகிற மாதிரி இருந்தது. அவருக்குத் தெரியாது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நீ எழுதிய காதல் கதையைத்தானே அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். உனக்கு இப்போது தெரியும். அந்த வீட்டிலிருந்து தப்பிக்க ஒருத்தி காடு மேடெல்லாம் ஓடினாள் என்று தெரிந்தபிறகும், அந்த அறைக்குள் பவித்ராவைக் கூட்டிக்கொண்டு நீ நுழைந்தால், நான் பெற்ற பிள்ளை இல்லை நீ.

பவித்ரா நல்ல பெண். நிச்சயதார்த்தத்தன்று, எல்லாரும் உன் கண்ணைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது, அவள்தான் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அவளிடம் இந்தக் கதையை மறைக்காமல் சொல். கல்யாணத்துக்குப் பிறகு இல்லை, முன்னாலேயே சொல். அவள் ஒன்று வேண்டாம் என்றால் அதைக் காதில் வாங்கு. இரண்டாவது தடவை சொல்லட்டும் என்று காத்திருக்காதே. குடும்பம் நடத்துவது எப்படி என்று எனக்குப் பெரிதாக எதுவும் சொல்லத் தெரியாது, உன் அப்பா சீக்கிரம் போய்விட்டார். ஆனால் வேண்டாம் என்று ஒரு பெண் சொல்வதைக் கேட்காத வீட்டில் என்ன பிறக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஹெலன் மேல் எனக்குக் கோபமில்லை. அவள் கல்யாணத்துக்கு வரட்டும், சூடாக பஜ்ஜி சுட்டுப் போடுகிறேன். ஏனென்றால், நிச்சயதார்த்தத்துக்கு நீ வந்திருந்தபோது, நம் வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு வீடியோவில் பேசினாயே, நினைவிருக்கிறதா? அவள் தன் குடும்பத்துக் கல்லறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், நடுவில் நிறுத்தி, அந்தத் தமிழ்ப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டாள். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். நீ என் பக்கம் திரும்பிக் கேட்பாய் என்று, சொல்வதற்கு வாயைத் திறந்தேன். நீ திரும்பவில்லை. 'யாருக்கும் தெரியாது, அவள் சாதாரணக் கொழுந்து பறிக்கிற பெண்' என்று இங்கிலீஷில் பட்டென்று சொல்லிவிட்டு, அடுத்த கல்லறைக்குப் போய்விட்டாய். ஹெலனின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அவன் வீட்டுப் பெண்ணுக்குத் தோன்றியது உனக்குத் தோன்றவில்லை. இத்தனை சர்ச்சுகளுக்கு நடந்தாய். அதற்குப் பிறகும் அடுப்படிக்கு நாலு எட்டு நடந்து என்னைக் கேட்க உனக்கு உடம்பு வணங்கவில்லை. அவள் பெயர் மருதாயி. எழுதிக்கொள். ஹெலனுக்கும் எழுது.

தேடாதே என்று நான் சொல்லவில்லை. உன் ரத்தத்தில் எது இருக்கிறது என்று தெரிந்துகொள்வது உன் உரிமை. ஹெலனோடு போய் அந்தக் கல்லின் முன்னால் நில், நின்று அவன் செய்ததை வாய்விட்டுச் சொல். அதற்கு உனக்குத் துணிச்சல் வந்தால், பால் ஊற்றியதைக்கூட நான் மறந்துவிடுவேன். ஆனால் கல்யாணப் பத்திரிகை என்பது, இவர்கள் பிள்ளை நான் என்று நாலு பேருக்கு முன்னால் சொல்கிற காகிதம். அதில் அவனை ஏற்றினால், அவன் செய்ததெல்லாம் நல்லதுக்குத்தான் என்று நம் குடும்பமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. அந்தப் பெயர் அச்சில் வந்தால் நான் மணவறையில் வந்து நிற்க மாட்டேன். இதை வெறும் மிரட்டல் என்று நினைக்காதே. அவன் பெயரை எடு என்று ஃபோனில் நான் சொன்னபோது, "அம்மா, நீங்க ரொம்ப எமோஷனல் ஆவுறீங்க, பிரிண்டிங்குக்குக் குடுத்தாச்சு" என்று வைத்துவிட்டாய்.

ஆகவே இன்று காலை ஊட்டிக்குப் போய் அச்சகக்காரரைப் பார்த்தேன். உன் பத்திரிகையைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துக்கொண்டு, "தொரை பேர எடுக்கச் சொல்லி வந்தீங்களாங்கம்மா? மாப்பிள்ளை கண்டிப்பா வேணும்னு சொல்லியிருக்காருங்களே" என்று தயங்கினார். "தொரை இருக்கட்டுங்க. என்ற பேரையும் எங்கப்பா பேரையும் எடுத்துருங்க. எங்கப்பா படத்தையும் எடுத்துருங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனால் நான் சொன்னபடியே ஒவ்வொன்றாக அழித்தார். என் அப்பாவின் முகத்தில் நீ ஒட்டிவைத்த கண் போயிற்று, அவர் போனார், நான் போனேன். அழித்து முடித்துவிட்டு அவர் திரையை மேலிருந்து கீழே ஒருதடவை படித்துப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்கம்மா, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? மேல தொரை நிக்கறாரு, கீழ மாப்பிள்ளை நிக்கறாரு. நடுவுல அம்மா வழியில ஆளே இல்லீங்களே. அப்புறம் இவரு எப்படிங்க அவருக்குப் பேரனாவாரு?"

"எனக்கென்னங்க தெரியும், அதை மாப்பிள்ளையவே கேளுங்க" என்று சொல்லி, உன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கே விடிந்ததும் உன்னைக் கூப்பிடுவார். நீ என்ன பதில் சொல்கிறாயோ அப்படியே அச்சடித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அம்மா